கயிற்றில் கட்டிய மாட்டு மணி

அண்ணாச்சி,

உங்கள் காரியம் முடிந்து, நேற்று உங்கள் மகன் வந்து ஒரு துணிப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தான். "அப்பா இதை உங்ககிட்டதான் சேக்கணும்னு சொல்லியிருந்தாவ" என்றான். பிரிக்கும் முன்பே உள்ளே கிணுங்கியது. உங்கள் ஸ்டாப் வாட்ச்; கூடவே அந்த வெண்கல மாட்டு மணி. மணி எதற்கென்று அவனுக்குத் தெரியவில்லை.

நாடு விடுதலையான மறு வருஷம், பேச்சிப்பாறைக் கால்வாய் எஞ்சினியர் வேலையை உதறிவிட்டு எங்கள் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தீர்கள். ஊர் உங்களைக் கிறுக்கன் என்றது. "கல்லையும் சுண்ணாம்பையும் பாத்துப் பாத்துச் சலிச்சு மடுத்துப்போச்சு ஓய்" என்று சிரித்தீர்கள். பழைய புத்தி விடுமா? மறுமாதமே சங்கிலி போட்டுக் கால்வாயை அளந்து, குறுக்கே இரண்டு கயிறு கட்டி, பையன்களைத் தண்ணீரில் இறக்கினீர்கள். தண்ணீரின் ஒழுக்கை எதிர்த்து நீந்திய நேரம்தான் உங்களிடம் செல்லும். நீந்தத் தெரியாத தமிழ் வாத்தியாரான என்னை முடிவுக் கயிற்றருகே நிறுத்தி, வாட்சைக் கையில் திணித்தீர்கள்.

"கை கயித்தைத் தொட்டதும் அமுக்கும். வெண்பா எழுதுறதைவிட எளுப்பம்."

திருவனந்தபுரம் தொடர் நீச்சல் போட்டிக்கு நாலு பேரைத் தேர்ந்தெடுத்த நாள். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்குச் செல்லப்பனும், கடற்கரையிலிருந்து நடந்தே வரும் சூசையும். சூசைக்குக் காய்ச்சல் விட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. இறங்கும் முன் என்னிடம் வந்தான். "சாரே, இந்தத் தடவ சேக்கலைன்னா எங்கப்பன் படிப்பை நிறுத்தி மீன் பிடிக்க வள்ளத்துல ஏத்திருவாரு." நீங்கள் தொலைவில், புறப்படும் கயிற்றருகே இருந்தீர்கள். நான் குறித்துக் கொடுத்த நேரத்தில் சூசை தேர்வானான். செல்லப்பன் போட்டிக்கு வந்து மற்றவர்களின் துண்டுகளைச் சுமந்தான்.

திருவனந்தபுரத்தில் சூசைக்குக் கடைசிச் சுற்று. பாதியில் தோள் சோர்ந்தது; ஒரு கை நீளத்தில் தோற்றோம். தலைமையாசிரியர் எல்லார் முன்னாலும், "காய்ச்சக்காரனை யார் சேத்தது?" என்று பாய்ந்தார். "நான்தான்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

ஊர் திரும்பியதும் நேரே கடற்கரைக்குப் போய் சூசையின் அப்பாவைப் பிடித்தீர்கள். "வள்ளம் எங்கயும் ஓடிராது வேய், ஒரு வருஷம் தாரும்" என்று கேட்டு வாங்கினீர்கள். மறு திங்கட்கிழமை முடிவுக் கயிற்றில் ஒரு மாட்டு மணி தொங்கியது. பையன்களிடம், "நம்ம தமிழ் வாத்தியாருக்கு கண்ணு லேசா மங்கல், மக்கா. தொட்டா மணி அடிக்கும், அவரு அமுக்குவாரு" என்றீர்கள். பிறகு அதே வாட்சை என் கையில் வைத்தீர்கள். வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் எனக்கு வலித்திருக்காது.

அடுத்த வருஷம் சூசையும் செல்லப்பனும் சேர்ந்தே நீந்தினார்கள். கோப்பை நம் பள்ளிக்கு வந்தது. பிறகு பலமுறை வந்தது. உங்களைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள், அந்தத் தொப்பையோடு! அத்தனை வருஷமும் நான் மணி கேட்ட பிறகே அமுக்கினேன். அந்தப் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மணியை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் கண்ணில் அன்று ஒரு மங்கலும் இல்லை, அண்ணாச்சி. சூசையின் கை கயிற்றைத் தொட இன்னும் இரண்டு வீச்சு இருந்தது. நான் அமுக்கிவிட்டேன்.