காலிப் பணியிடம்

நாள் 730. காலை 6:00
குளிர்ப்பெட்டி மைனஸ் எண்பது. ரத்தக் குப்பிகள் ஆயிரத்து நூற்று நாற்பது, அதனதன் இடத்தில். சீட்டுகளில் மை ஓடிவிட்டது. எது யாருடையது என்பதற்கு என் ஞாபகம்தான் கணக்கு.

இது மருத்துவப் பல்கலைக்கழகத்தின் நிலவு ஆய்வகம். நான் மூக்கையா, ஆய்வக உதவியாளர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், கருவி எழுதிக்கொள்கிறது. எல்லோரும் போன கப்பலில் ஊர் திரும்பியாயிற்று. அடுத்தது நாற்பது நாள் கழித்து. மிச்சம் நானும் டாக்டர் ஜெசிந்தாவும். அவருக்குக் காய்ச்சல், தனியறையில் அடைத்திருக்கிறது. ஒன்பது நாளைக்குக் கதவு திறக்காது.

பகல் 11:20
ஜெசிந்தாவின் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை இன்று மாலை ஐந்தோடு முடிகிறது. நீட்டிப்பு ஆணை வரவில்லை. பணியிடம் இல்லாதவர் அறைக்கு இயந்திரம் காற்று விடாது. பூமிக்கு மூன்று முறை கேட்டாயிற்று.

பதிவாளர் அலுவலகம்: "கோப்பு பரிசீலனையில் உள்ளது."

ஜெசிந்தா, தனியறையிலிருந்து: "பாத்தீங்களாண்ணே, மூச்சு விடவும் ஆர்டர் வேணுமாம். பேசாம எங்கப்பா மாவு மில்லுலயே உக்காந்திருக்கலாம்."

சிரித்தார். வெகுநேரம் இருமினார்.

பகல் 2:05
போன வருடம் வேறொரு டாக்டருக்கு இதே கதி. சமையல்காரர் செல்லப்பா அப்போதுதான் ஊர் போயிருந்தார். அவர் இடத்தில் டாக்டரைச் சமையல்காரராகப் பதிந்து மூன்று வாரம் காற்று வாங்கினோம். காலியிடம் இருந்தால் போதும், இயந்திரம் ஆளைப் பார்க்காது. பிறகு அந்த இடத்தையே ரத்து செய்துவிட்டார்கள். இப்போது காலி ஒன்றும் இல்லை.

பகல் 2:40
பதிவேட்டின்படி நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம். அதில் இருப்பது என் அப்பா சொன்ன வயது. வேலைக்கு வயது கடந்துவிட்டதென்று மூன்று வருடம் குறைத்துச் சொன்னார். அன்று குமாஸ்தா மேசையில் பச்சைப் பேனா, மூடி இல்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

கண்மாய் உடைந்த வருடம், ஆடி மூன்றாம் செவ்வாய் பிறந்தேன். அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

மாலை 4:10
சொல்லிவிட்டேன். கைநாட்டும் வைத்தேன்.

இயந்திரம்: "வயதுத் திருத்தம் ஏற்கப்பட்டது. தாங்கள் ஓய்வு பெற்று இருபத்திரண்டு மாதங்கள் ஆகின்றன. ஆய்வக உதவியாளர் பணியிடம் காலி. தங்கள் காற்று மாலை ஐந்து வரை."

ஜெசிந்தாவின் பெயரைக் கொடுத்தேன்.

மாலை 4:35
ஜெசிந்தா: "அண்ணே, என் அட்டையில ஆய்வக உதவியாளர்னு விழுது. அது உங்க இடமாச்சே! என்ன பண்ணி வச்சீங்க? மாத்துங்கண்ணே. அண்ணே, பேசுங்க!"

குளிர்ப்பெட்டிப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அலுப்பாக இருக்கிறது.

மாலை 4:57
உட்கார்ந்து நேரத்தை விட்டுவிட்டேன். குப்பிகளைச் சொல்லாமல் போனால் உங்கள் இரண்டு வருடமும் வீண், டாக்டரம்மா. முதல் தட்டு, இடப்பக்கமிருந்து. முதல் குப்பி உங்கள் ரத்தம், பத்தாம் நாள். அடுத்தது செல்லப்பாவுடையது, ஊசிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது உங்களுடையது, அன்று நீங்கள் சாப்பிடவில்லை. நான்காவது

மாலை 5:00
பணியாளர் அல்லாதவரின் குரல் பதிவு செய்யப்படாது.
குளிர்ப்பெட்டி மைனஸ் எண்பது. பொறுப்பு: ஆய்வக உதவியாளர் ஜெசிந்தா.