பின்சுவருக்கு ஒரு அரக்குப் புடவை

ஜனவரி 6, 1983, வியாழன்

பனி. எட்டு மணி வரை எதிர்வீடு தெரியவில்லை. தெருவில் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்ட முடியாமல் அப்பா என் மேல் எரிந்து விழுந்தார். பனிக்கு நான் என்ன செய்ய?

மெட்ராஸ் பொருட்காட்சியில் எங்களுக்கு ஸ்டால் கிடைத்துவிட்டது. பெரியப்பா மகன் குமார் அண்ணன் வந்து சொன்னார். மூன்று பக்கமும் தட்டி அடைத்துத் தருவார்களாம். பின்பக்கத் தட்டியை மறைக்க நாமே துணி கொண்டுபோக வேண்டுமாம்.

"பின்னாடி துணிதான் சித்தப்பா முக்கியம். ஜனங்க நடந்துகினே இருப்பாங்க. அது கண்ண இழுத்தாதான் நிப்பாங்க."

மத்தியானம் ரசம் வைத்தேன். உப்பு போட்டேனா என்று நினைவில்லை. எல்லாரும் குடித்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கல்யாணம் நின்றதிலிருந்து இந்த வீட்டில் என்னை யாரும் திட்டுவதில்லை. முன்பெல்லாம் உப்பு குறைந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

ஜன. 7, வெள்ளி

துணி பார்க்கும் படலம். குமார் அண்ணன் கொண்டுவந்தவை:

நீல வெல்வெட் (நாடகக்காரர்களிடம் வாடகை. பீடி நாற்றம்.)
வெள்ளை மல் துணி. "சாவு வூடா இது?" என்றாள் அம்மா.
மஞ்சள் பாலியஸ்டர். பளபளப்பு. எனக்குப் பரவாயில்லை. எனக்கு எல்லாமே பரவாயில்லை.

அப்பாவுக்கு எதுவும் பிடிக்கவில்லை. "பட்டு விக்கப் போறவன் பின்னாடி பாலியஸ்டர தொங்க வுடுவானா? பாக்கறவன் சிரிக்க மாட்டானா?"

"அப்பன்னா நம்ம பொடவையே ஒண்ணு மாட்டுங்க சித்தப்பா. நல்லதா, பெரிய முந்தானையா."

அம்மா உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான்கு பேருக்கும் பீரோவில் இருப்பதுதான் ஞாபகம் வந்திருக்கும். அரக்குப் புடவை. ஒரு முழம் முந்தானை முழுக்க ஜரிகை. தை மாத முகூர்த்தத்துக்காக அப்பா தானே தறியில் உட்கார்ந்து எனக்கு நெய்தது. பத்திரிகை அடித்த பிறகு, ஜாதகத்தை மறுபடியும் பார்த்தோம், சரியில்லை என்று போளூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். செய்யாறில் வேறு பெண் பார்த்துவிட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஜாதகம் பாவம், அதன் மேல் பழி.

அன்று நான் அழவில்லை. இன்றும் அழுகை வரவில்லை. தலைவலி மட்டும்.

ஜன. 8, சனி

வெயில். பாத்திரம் தேய்த்துவிட்டு வாசலுக்கு வந்தால், பாவு நீட்டும் கம்புகளுக்கு நடுவில் கயிறு கட்டி என் புடவை தொங்குகிறது. அப்பா எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, கண்ணைச் சுருக்கி, ஸ்டாலுக்கு முன்னால் நடப்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறார்.

எங்கள் தெருவில் எந்தப் பட்டுப்புடவையையும் வீட்டுக்குள் வைத்துப் பார்க்க மாட்டார்கள். காலை வெளிச்சத்தில், தெருவில்தான். கை பழக்கத்தில் மாட்டிவிட்டார். யார் புடவை, எந்தத் தெரு என்ற யோசனையே இல்லை.

எதிர்வீட்டு ராணி அக்கா குடத்தோடு நின்றாள். "வசந்தா, இது உன் மூர்த்தப் பொடவ இல்ல?"

"ஆமாக்கா."

"ஐயோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குள் இன்னும் நாலு பேர். அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. முடிச்சை அவிழ்க்காமல் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான்தான் போய் அவிழ்த்தேன்.

அம்மா அடுப்படியில் அழுதாள். "ஊரே பாக்கட்டும்னு மாட்டினீங்களா? வேற பொடவையே கெடைக்கலியா உங்களுக்கு?"

சாயங்காலம் அப்பா குமார் அண்ணனிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. "கல்யாணம் நின்ன பொடவய இந்த ஊர்ல எவன்டா வாங்குவான்? மெட்ராஸ்ல யாருக்குத் தெரியும்? மாட்டி வைப்போம். கேட்டாங்கன்னா குடுத்துடலாம்."

ஆக, அதுதான் விஷயம். விற்கட்டும். அது எனக்கு மட்டும் எதற்கு?

ஜன. 11, செவ்வாய்

மெட்ராஸ். அம்மா வரவில்லை. "கொஞ்ச நாள் இந்தத் தெருவ வுட்டு இருந்துட்டு வா" என்று என்னை அனுப்பிவிட்டாள். பில் போட ஆள் வேண்டும் என்பது சாக்கு. பஸ்ஸில் தூங்கினேன். தங்கியிருப்பது குமார் அண்ணனின் மாமியார் வீடு. நல்ல மனுஷி. ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்டாலில் புடவையை மாட்டியாயிற்று. குண்டூசி கிடையாது, துணி க்ளிப் மட்டும். டியூப் லைட்டில் அரக்கு கறுப்பாகத் தெரிந்தது. அப்பாவுக்குப் பேஜார். குமார் அண்ணன் எங்கோ போய் மஞ்சள் பல்பு வாங்கிவந்தார். பிறகு நன்றாக இருந்தது. மிக நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். நடந்தவர்கள் நின்றார்கள்.

ஸ்டாலில் விட்டுவர பயந்து, பூட்டும்போது அப்பா அதை மட்டும் மடித்து எடுத்து வருகிறார்.

ஜன. 13, வியாழன்

கால் வீக்கம். காபி கழுநீர்.

நாலு மணிக்கு ஒரு அம்மாவும் மகளும். மகளுக்கு மாசியில் கல்யாணம். வேறு எதையும் பிரிக்க விடவில்லை. "அந்தப் பின்னாடி இருக்கறதை எடுங்க."

அப்பா எவ்வளவு ஜல்தியாக எடுத்தார்! அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் தோள்ல போட்டுக் காட்டும்மா, எங்க பொண்ணு நிறந்தான் நீயும்" என்றார்.

போட்டுக்கொண்டேன். இதுவரை போட்டுப் பார்த்ததில்லை. முகூர்த்தத்துக்கு முன்னால் தோளில் போடக்கூடாது என்று அம்மா தொடவே விட்டதில்லை. கனம். கழுத்தோரம் ஜரிகை குத்தியது. அப்பா அட்டைப்பெட்டியை அடுக்குவது போலத் திரும்பிக்கொண்டார். அடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

அந்தப் பெண் முந்தானையைத் தடவிக்கொண்டே, "யாராச்சும் சொல்லி வச்சு நெய்ததா இது?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள்.

"எனக்கு நெய்ததுங்க. கல்யாணம் நின்னு போச்சு."

ஏன் சொன்னேன்? தெரியவில்லை. பொய் சொல்ல அலுப்பாக இருந்தது. அவளும் ஒருத்தனை நம்பி மணையில் உட்காரப் போகிறவள், அவளிடம் மறைத்து விற்க மனசு வரவில்லை. அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். கோபமில்லை, பயம். மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"இன்னாம்மா இப்பிடி பண்ணிட்ட!" குமார் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா புடவையை என் தோளிலிருந்து எடுத்து மடித்தார். திரும்ப மாட்டவில்லை.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஆனாலும் வந்தது.

ஜன. 14, வெள்ளி

பொங்கல். குளித்துவிட்டு அப்பாவின் பையைத் திறந்து அரக்குப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஜாக்கெட் கறுப்புதான் இருந்தது.

அப்பா பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"பொங்கலுக்குப் புதுசு கட்டக்கூடாதா?" கத்திவிட்டேன். குமார் அண்ணனின் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குது கண்ணு" என்று பூ கொடுத்தார். வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் அப்பா முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டாலுக்கு வந்ததும் பின்சுவருக்கு ஒரு கிளிப்பச்சையை மாட்டினார். பதினோரு மணிக்கு மேல் நல்ல கூட்டம். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து, யாரிடமோ சொல்வது போல, "முந்தானைய கொஞ்சம் எறக்கி வுடும்மா. டிசைன் தெரியட்டும்" என்றார்.

இறக்கி விட்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு அம்மா நேராக என்னிடம் வந்தார். "நீ கட்டியிருக்கியே, இது என்ன விலை?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா.

"அது எம் பொண்ணுதுங்க. விக்கறதுக்கு இல்லீங்க. வேணும்னா உங்களுக்கு வேற நெய்ஞ்சு தர்றேன், கலர் சொல்லுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. போன மாதமே வந்திருக்க வேண்டியது. தட்டிக்குப் பின்னால் போய், முந்தானையை ஒரு கையால் தூரமாகப் பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டில் தண்ணீர் பட்டால் கறை நிற்கும்.