கிருமிக்குத் தைத்த சட்டை

வியாழக்கிழமை, காலை

என் குண்டுமணிக்கு, பாட்டி எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்றுதான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை முதல் வரியிலேயே பொய் வேண்டாமென்று விட்டுவிட்டேன். பயந்துவிடாதே, எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, ர-வும் ற-வும் தடுமாறும். பெரிய படிப்புப் படித்தவள் நீ, திருத்திப் படித்துக்கொள்.

அடுத்த மாதம் பெரிய ஆட்கள் கூடும் கூட்டத்தில் பேசப்போவதாக நேற்று சொன்னாய். "எங்க பாட்டி வயித்தையே எங்க கம்பெனி மருந்து சரி பண்ணிடுச்சுன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கப்போறேன்" என்றாய். அதைச் சொல்லிவிடாதே கண்ணு. என் வயிறு சரியாகவில்லை.

நெஞ்சுச் சளிக்குக் கொடுத்த மாத்திரை, வயிற்றில் இருந்த நல்ல கிருமியையும் சேர்த்து அழித்துவிட்டது, அதனால்தான் இந்த வயிற்றுப்போக்கு என்று டாக்டரம்மா சொன்னார் இல்லையா? உடனே உங்கள் கம்பெனி குப்பியை அனுப்பினாய். நாற்பது கேப்சூல். அப்போது நீ விளக்கியது எனக்கு மனப்பாடம். உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி. சும்மா விழுங்கினால் இரைப்பைப் புளிப்பிலேயே செத்துப்போகும். அதனால் கடற்பாசிப் பசையில், கடுகைவிடச் சின்னதாக ஒரு சட்டை மாட்டி அனுப்புகிறீர்கள். குடலுக்குப் போன பிறகுதான் அது கழலும்.

இதைக் கீழ்வீட்டுத் தையற்காரியிடம் சொல்லப்போக, உங்கள் பேத்தியும் நம்ம தொழில்தானா, காஜா எடுக்கத் தெரியுமா என்று கேட்டாள். அவள் பத்துப் பேரிடம் சொன்னாள், நான் இருபது பேரிடம் சொன்னேன். மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டாலே விஞ்ஞானிப் பாட்டி வாங்க என்கிறார். வேண்டாம் என்று சொல்வேன், ஆனால் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன்.

பெருமை பேசத் தெரிந்தவளுக்குச் சாப்பிடத் தெரியவில்லை. கேப்சூல் தொண்டையில் நின்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக மணல் மாதிரி. சரி, மேல்கூடுதான் சட்டை, கழற்றியாயிற்று என்று நினைத்தேன். மணலை வாயில் போட்டால் பல் செட்டுக்கு அடியில் புகுந்து ஈறை அறுத்தது. அதனால் ஸ்பூனின் முதுகால் மாவாக நசுக்கி, கொதிக்கிற பாலில் கலக்கிக் குடித்தேன். இருபத்தெட்டு நாள், ஒரு நாள் தவறாமல்.

திங்கட்கிழமை தையற்காரி என் ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்க அளவெடுக்க வந்தாள். எல்லாம் இரண்டு அங்குலம் தொளதொள என்று ஆகிவிட்டது. வந்த இடத்தில் நான் நசுக்குவதைப் பார்த்தவள், குப்பியோடு வந்த சீட்டை எடுத்துத் தன் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். நசுக்கக் கூடாது, மெல்லக் கூடாது, சூடான எதிலும் கலக்கக் கூடாது. "சட்டையக் கிழிச்சு, கொதிக்கிற பால்ல தள்ளி, அப்புறம் பத்திரமா போயிட்டு வான்னு அனுப்பியிருக்கீங்களே" என்றாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவள் படியிறங்கிப் போன பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து பொத்திப் பொத்தி நீ அனுப்பிய உயிரை என் கையாலேயே கொன்றிருக்கிறேன்.

அப்படியானால் தினமும் தேவலை தேவலை என்று ஏன் சொன்னாய் என்று கேட்பாய். இதை எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

குப்பி வருவதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவாய். சாப்பிட்டாயா, தூங்கினாயா, சரி வைக்கிறேன். உன் வேலை அப்படி, குறை சொல்லவில்லை. குப்பி வந்த நாளிலிருந்து தினமும் காலை ஏழரைக்கு மணி அடிக்கிறது. எட்டுக் கேள்வி. எத்தனை தடவை போயிற்று, தண்ணீராகவா கெட்டியாகவா, உப்புசம் உண்டா, பசித்ததா... இதையெல்லாம் என்னிடம் கேட்க உலகத்தில் ஓர் ஆள்! ஏழு மணிக்கே முகம் கழுவி, தலை சீவி, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். குணமாகவில்லை என்றால் உன் மனசு உடையும். குணமாகிவிட்டது என்றால் போன் நின்றுபோகும். அதனால் நேற்றைக்கு இன்று கொஞ்சம் தேவலை என்று கிள்ளிக் கிள்ளிச் சொன்னேன். சில நாள் அந்த எட்டுக் கேள்விக்குச் சொன்ன பதில்தான் பொழுது சாயும்வரை நான் பேசிய பேச்சு.

உங்கள் பொருள் தோற்கவில்லை, இந்தக் கை செய்த வேலை. கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசுவதானால் அதையே பேசு. பல் செட் போட்டவர்களால், தொண்டை சுருங்கியவர்களால் இதை விழுங்க முடியவில்லை, அவர்கள் நசுக்கிவிடுகிறார்கள் என்று சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உன் வாயிலிருந்து மட்டும் என்னால் ஒரு பொய் வரக் கூடாது.

இன்னும் பன்னிரண்டு மிச்சம். திங்கட்கிழமையிலிருந்து தொடவில்லை, ஃபிரிட்ஜில் இருக்கிறது. நேற்று டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார். சட்டை அந்த மணலுக்குத்தானாம், மேல்கூட்டைப் பிரித்தால் பரவாயில்லையாம். பல் செட்டைக் கழற்றிவிட்டு, மணலை ஒரு ஸ்பூன் குளிர்ந்த தயிரில் தூவி, மெல்லாமல் விழுங்கச் சொன்னார். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் ஆரம்பிக்கிறேன். பன்னிரண்டு நாளும் எட்டுக் கேள்வியையும் கேள். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், உன் நோட்டில் தைரியமாக எழுதிக்கொள்.

அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னாய். கிருமிக்கெல்லாம் சட்டை மாட்டுகிறவள், நீ ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே. கூட்டத்தில் நிமிர்ந்து நின்று பேசு. எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும்.

பதிமூன்றாம் நாள் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, தெரியும். ஆனாலும் ஏழு மணிக்குத் தலை சீவிப் பழகிவிட்டது. முடிந்தால் ஒன்பதாவதாக ஒரு கேள்வி யோசித்து வை. எதுவானாலும் சரி.

பன்னிரண்டையும் பத்திரமாக வைத்திருக்கும்
உன் பாட்டி