மழையில் வெளுத்த மேசை

ஐப்பசி 9, புதன்
காலையிலிருந்து தூறல். பூந்தமல்லிச் சாலை முழுக்கச் சேறு. பாலீஷ் வேலை செய்த அண்ணன் பட்டாளத்துக்குப் போனபின் அண்ணிக்குத் தனியாக வந்த முதல் வேலை: ஈட்டி மரத்தில் வட்ட மேசை. மரச்சாமான் கடை சாயபு நேற்று இறக்கிவிட்டுச் சொன்னது: "இது சரியா வந்தாத்தான் மத்த வேலையும் உனுக்கு, கன்னியம்மா. இல்லேன்னா பட்டணத்து ஆளுக்குப் பூடும்."

ஈரக் காற்றில் பாலீஷ் போடக்கூடாது என்று அண்ணிக்குத் தெரியும். அம்மாவுக்கோ பஞ்சாங்கம். "இன்னிக்கு உட்டா அப்பால நல்ல நாளே கெடயாது. கைய வையி." மாமியார் பேச்சு. வைத்தாள்.

பஞ்சைத் துணியில் உருட்டி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தொட்டு, சுழித்துச் சுழித்துத் தேய்ப்பு. கை எங்கும் நிற்பதில்லை. நின்றால் அங்கே தழும்பு. பி.ஏ. பரீட்சைக்குக்கூட நான் அப்படிக் கவனமாக உட்கார்ந்ததில்லை.

10, வியாழன்
மேசை முழுக்க வெளுப்பு. மோர் ஊற்றித் துடைத்தது போல. அண்ணி விரலால் தடவிப் பார்த்தாள். "ஈரம் உள்ள பூந்துகினு கீது. வெளிய தள்ளணும்."
சனிக்கிழமை சாயபு வருவார்.
வாங்க வேண்டியது: கரி, ஸ்பிரிட். பழந்துணி கேட்டாள். காலேஜுக்குக் கட்டிப்போன வெள்ளைப் புடவையைக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்து நூல் உதிராத துணி.

11, வெள்ளி
மழை. ஜன்னல்களைச் சாக்கால் அடைத்து, உள்ளே கரியடுப்பு. அறை சூடேறியதும் அடுப்பை வெளியே வைத்துவிட்டுத்தான் ஸ்பிரிட் புட்டியைத் திறந்தாள். "ரெண்டும் ஒண்ணா இருந்தா ஊடே எரிஞ்சு போயிடும், பாப்பா."
பஞ்சில் ஸ்பிரிட் வாசனை மட்டும். கூடினால் போட்ட பாலீஷும் கரைந்துவிடும். கை போன வழியில் வெளுப்பு விலகி, மரம் கருஞ்சிவப்பாக எழுந்தது. அண்ணன் பேரில் போன சாமான்களில் பாதி இவள் கைதான். ஒரே வீட்டில் இருந்தும் இன்றுதான் தெரிகிறது.

12, சனி
தூறல். சாயபு மாட்டுவண்டியோடு. நான் கதவுக்குப் பின்னால். "பி.ஏ. அம்மா, நான் இன்னா புலியா?"
குனிந்து மேசையில் தன் தாடியைப் பார்த்தார். உள்ளங்கையால் ஒரு சுற்று. வண்டிக்காரரிடம், "அலமாரிய இங்கியே எறக்குப்பா. பட்டணத்துக்குப் போவல."
அண்ணி, அம்மா காதில் விழும்படி: "மழ உட்டப்புறந்தான் தொடுவேன், சாயபு. நாளு கீளு பாக்க மாட்டேன்."
அம்மா எழுந்து உள்ளே போனாள். நெல் மூட்டைகளை ஒதுக்கி, அலமாரிக்கு இடம் பண்ண ஆரம்பித்தாள்.