திபேரியுஸை நேற்றே கொன்றவருக்கு

வளவனுக்கு,

சோறு குக்கரில் இருக்கிறது. மோட்டார் ரிப்பேர்க்காரர் வருவார். கொட்டகைச் சாவி ஆணியில் தொங்குகிறது. மீன்தலையை உங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன். அதற்காகக் கோபம் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

நேற்றுச் சாப்பிடும்போது, "நீ படிக்கிற அந்த திபேரியுஸ அடிச்சே கொன்னுடுறாங்க, போன்ல பாத்தேன்" என்றீர்கள். நான் அழுததும், "செத்து ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, இப்ப என்ன?" என்று சிரித்தீர்கள்.

உங்களுக்குத்தான் ரெண்டாயிரம் வருஷம். எனக்கு நேற்று ராத்திரிச் சோறு வரைக்கும் அவன் உயிரோடு இருந்தான். ரோமாபுரியில் நிலமில்லாதவர்களுக்கு நிலம் பிரித்துக்கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தவன். அகராதியை வைத்துக்கொண்டு, லத்தீனில் தினம் நாலு வரியாக அவன் கூடவே வந்துகொண்டிருந்தேன். ஜெயித்துவிடுவான் என்று நம்பினேன். களத்தில் கூலி நெல்லுக்கு நின்ற வீட்டுப் பெண் வேறு எப்படிப் படிப்பாள்? நீங்களும் அதே தெருதானே, இதுகூடவா தெரியாது?

மேசையில் விரித்து வைத்திருக்கும் புத்தகத்தை மூடாதீர்கள். அந்தப் பக்கத்தில் அவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

திருவாரூர் பஸ் வந்துவிடும், கிளம்புகிறேன்.

செம்மொழி

அவனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனையும் போனில் தேடாதீர்கள். ஏற்கெனவே தேடிவிட்டீர்கள் என்றால், சாயங்காலம் நான் வரும்போது முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள்.