வளைவில் ஏறும் மஞ்சள் சட்டை

மச்சான், உன் மஞ்சள் சட்டை இப்போது என் பெயிண்ட் வாளி ஓரத்தில் தொங்குகிறது. ஒரு கையைக் கிழித்துத் தூரிகை துடைத்தாகிவிட்டது. தின்னர் வாடை மூக்கில் ஏறுகிறது. நீ இருந்திருந்தால் என்னை மட்டுமா, உன் மாமியார் வரைக்கும் இழுத்துத் திட்டியிருப்பாய். நல்லவேளை, செத்துப்போனாய்.

மறுபடியும் கிள்ளான் ஊர் அலங்கார வளைவு வேலைதான். உச்சியில் அதே அரச சின்னம்: பிறை, நட்சத்திரம், நடுவில் கிரிஸ் கத்தி, இரண்டு பக்கமும் ஈட்டி. வெயிலில் தங்கப்பூச்சு உரிந்துவிட்டது. முதலாளி தவுக்கே என்னைக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குச் சாரம் ஏறுவதைத் தவிர வேறென்ன தெரியும்?

அந்தச் சின்னத்துக்கு முதன்முதலில் நிறம் கொடுத்தவன் நீ. சாரத்தில் மல்லாந்து படுத்து, மீசையெல்லாம் தங்கம் வடிய, "மச்சான், கீழேருந்து பாரு, பிறை நேரா இருக்கா?" என்று கத்துவாய்.

"பிறை நேராத்தான் இருக்கு. உன் மூஞ்சிதான் கோணல்" என்பேன்.

வீட்டுக்குப் போய் மகளிடம் அளந்துவிடுவாய். "திறப்பு விழாவுக்குக் கூட்டிட்டுப் போறேம்மா. சின்னத்த மூடின துணி கீழ விழும்போது அப்பா போட்டது உன் கண்ணுலதான் முதல்ல படணும்." அப்பாவுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை என்று வகுப்பில் சொல்லக் கூசிய பிள்ளை அது. அதன் கூச்சத்தைப் போக்க உனக்கு இந்த ஒரு நாள் வேண்டியிருந்தது.

விழா அன்றைக்கு என் தங்கச்சி தேய்த்துக் கொடுத்த புது மஞ்சள் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி வந்தாய். நல்ல காரியம் என்றால் நமக்கு மஞ்சள்தானே. ராஜ குடும்பம் வரும் இடத்தில் மஞ்சள் அவர்களுக்கு மட்டும் என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிறந்து வளர்ந்த ஊர்தான். அரண்மனை வாசலை எட்டிப் பார்த்திருந்தால்தானே!

கயிற்றோரம் இடம் பிடித்து நின்றோம். காவலுக்கு நின்ற ஒருவன் வந்தான். "அங்கிள், கூனிங் தா போலே லா." மஞ்சள் கூடாதாம். கடைசி வரிசைக்குப் போ, இல்லாவிட்டால் சட்டையைக் கழற்று என்றான். கடைசி வரிசையில் நின்றால் பிள்ளைக்கு அடுத்தவன் முதுகுதான் தெரியும். நீ கழற்றினாய். உள்ளே அக்குளில் ஓட்டை விழுந்த பனியன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலில் சிரித்தவன் நான்.

காவல்காரன் குனிந்து பிள்ளையிடம் மலாயில் கேட்டான், இவர் உன் அப்பாவா என்று. அது உன்னைப் பார்த்தது. பனியனைப் பார்த்தது. இல்லை என்று தலையாட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்துத் துணி விழுந்தது. கூட்டமே அண்ணாந்து பிறையைப் பார்த்தது. நீ மட்டும் மகளைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் வேலைக்குப் போகும் லோரியிலேயே, ராஜாவை அழைக்கிற துவாங்கு என்ற பட்டத்தை உனக்குச் சூட்டிவிட்டேன். "துவாங்கு வர்றார், தள்ளி உக்காருங்க!" பக்கத்து ஊர் மேரு போய்ச் சேரும் வரை அதே பாட்டு. சாகும்வரை உனக்கு அதுதான் பெயர். சர்க்கரை வியாதியில் உன் காலை எடுத்தபோதும் நான் விடவில்லை. "சிம்மாசனத்துல உக்கார்றவருக்குக் கால் எதுக்கு, துவாங்கு?" இருமல் வரும்வரை சிரித்தாய். "போடா நாயே, மகள் வந்தாளா?" என்று கேட்டாய். வரவில்லை. ஷா ஆலமில் ஆபீஸ் வேலை, நேரமில்லையாம்.

சாவுக்கு வந்தாள். தங்கச்சி பீரோவிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள், மடிப்புக் கலையாமல். உனக்குப் போட்டுவிடலாம் என்றாள். உன் மகள் அதைத் தொடக்கூட இல்லை. "வெள்ளையே போதும். அதைத் தூக்கிப் போடுங்க மாமா."

நான் போடவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இன்று காலை சாரத்தில் ஏறி, பிறையில் படிந்திருந்த லோரிப் புகையை உன் சட்டையால்தான் துடைத்தேன். நல்ல பருத்தி, நன்றாகத் துடைக்கிறது. கீழே காவலுக்கு நின்ற ஆள் அண்ணாந்து பார்த்தான், மஞ்சளைப் பார்த்தான், தன் பாட்டுக்கு நடந்தான். மஞ்சளும் கந்தலானால் ஆகுமாம்.

சாயங்காலம் துவைத்துக் காயப்போடுவேன். அடுத்த முறை பூச்சு உரியும்போதும் உன்னைப் பிறை வரைக்கும் ஏற்றிவிடுகிறேன். இன்னும் ஒரு கையும் முதுகும் மிச்சமிருக்கிறது, துவாங்கு.