பெரியகடையில் எடுத்த எட்டுப் படங்கள்

மாசி 6
காலையில் பனி. கிணற்றடி வேலை முடிய ஒன்பது மணி. மலாயாவிலிருந்து இவருடைய கடிதம். கலியாணம் முடிந்து நாலாம் மாதம் போனவர். ஆறு வருஷம்.
"ஊரோடு வந்து கடை போட யோசனை. பட்டணத்துப் பெரியகடைத் தெருவில் சனம் என்ன வாங்குகிறதென்று படம் எடுத்து அனுப்பும்."
இவர் முன்பு அனுப்பிய பெட்டிக் கமரா அலுமாரிக்குள். சுருளுக்கு எட்டுப் படம்.
கடை போட்டால் வருவார். மூன்று தரம் வாசித்தேன்.

மாசி 9
கோப்பாயிலிருந்து பஸ்ஸில் பட்டணம், மாமியோடு. சவர்க்காரம், பவுடர், விசுக்கோத்துப் பேணி. ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பட்டு. தெருவில் ஆளில்லை. இப்படியே அனுப்பினால் வியாபாரமில்லை என்று அங்கேயே இருந்துவிடுவார். சனம் சேரட்டுமென்று வெயிலில் நின்றேன்.
பட்டுக்கடைக்காரர்: "தங்கச்சி, வாங்கப் போறியளோ, சும்மா நிக்கப் போறியளோ?"
மாமி: "என்ரை மகனைக் கூப்பிடத்தான் படம் பிடிக்கிறாள். நீர் உம்மடை வேலையைப் பாரும்!"
வெட்கம். சந்தோஷமும்.
பதினொரு மணிக்குச் சனம். எட்டும் முடிந்தது.

மாசி 17
படங்கள் கழுவி வந்தன. நடந்தவர்களின் முகமெல்லாம் கலங்கல். பட்டுக்கடைக் கண்ணாடியடியில் ஒருத்தி மட்டும் தெளிவு. பாதி முகம். அசையாமல் நின்றிருக்கிறாள். யாரோ. யாருக்கோ காத்து நிற்கிற அந்தப் பார்வை மட்டும் எனக்குத் தெரியும்.
எட்டையும் தபாலில் போட்டேன்.
வாங்க: மிளகாய், விளக்குத் திரி, மாமிக்கு வெற்றிலை.

பங்குனி 12
புழுக்கம். தபால்காரர் வாசல் படலையைத் தாண்டிப் போனார். இன்றும்.

பங்குனி 25
கடிதம்! "நல்ல சனம். கடைக்கு இடமுண்டு. ஆனாலும் இன்னும் இரண்டு வருஷம் பொறுப்போம்."
கீழே: "பட்டுக்கடையடியில் நிற்பது நீர்தானே? யாரைக் கொண்டு எடுப்பித்தீர்? மெலிந்துபோனீர். அந்தப் படம் என் தலைமாட்டில்."
அது நானில்லை.
மாமி: "என்னவாம் பிள்ளை?"
"சுகமாம்."
"முழுக்க வாசி."
வாசித்தேன். அது வேறு யாரோ என்றும் சொன்னேன். மாமி கடிதத்தை வாங்கி மடித்தார். பிறகு, "உந்தப் பெட்டியை எடு. எங்கை அமத்திறது? காட்டு."

பங்குனி 27
புதுச் சுருள். நீலச்சேலை. முற்றத்தில் நல்ல வெளிச்சம். மாமியின் கையில் கமரா.
"அசையாதை. அவனைப் பாக்கிற மாதிரிப் பார்."
எவ்வளவு நினைத்தும் இவருடைய முகம் வரவில்லை. அதற்குள் மாமி அழுத்திவிட்டார்.